முதற்பிரதி என்னும் போலி

(அவலூர்பேட்டையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று பேசும்படி சங்கத்தார் எனக்கு இட்ட விஷயம், இணையத்தின் வழியாகப் போலிக் கைக்கடிகாரம் வாங்குதல் என்பதாகும். இதனைக் கேட்டவுடன் சபையில் சிலர் புன்னகை செய்ததைக் கண்டேன். “கல்வி, கடன், கலியாணச் செலவு என்று பேசவேண்டிய மேடையிலே கைக்கடிகாரத்துக்கு என்ன ஐயா வேலை?” என்று பெரியவர் ஒருவர் என்னை வாசலிலேயே மறித்துக் கேட்டுவிட்டார். அவர் குறித்த அம்மூன்று விஷயங்களுக்குள்ளும் இந்தக் கடிகாரம் மெல்லப் புகுந்துவிட்டது என்பதைச் சொல்லவே நான் இங்கு நிற்கிறேன். சற்றுப் பொறுமையுடன் கேட்டருளுமாறு வேண்டுகிறேன்.

முதலில் இப்பொருளின் பெயரைப் பார்ப்போம். நமது வாலிபர்கள் இதனைப் ‘போலி’ என்று அழைப்பதில்லை. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்கிறார்கள். அதற்கும் உயர்ந்த படியாக ‘மாஸ்டர் காப்பி’ என்றும், ‘செவன் ஏ’ என்றும் சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். கள்ளப் பொருளிலும் மேல் கீழ் கற்பிக்க மனிதனுக்கு முடிந்திருக்கிறது! ஃபர்ஸ்ட் காப்பி என்பதைத் தமிழாக்கினால் முதற்பிரதி என்றாகும். முதற்பிரதி என்றால் நமக்குத் தோன்றும் பொருள் யாது? நூலொன்றின் வெளியீட்டு விழாவிலே பெரியவர் ஒருவர் கையில் மரியாதையோடு கொடுக்கப்படுவது முதற்பிரதி. சினிமாத் தொழிலாரும், படம் முழுவதும் முடிந்து திரையிடத்தக்கதாய் முதன்முதல் வெளிவருவதையே ஃபர்ஸ்ட் காப்பி என்பர். இவ்விரண்டும் அசலைக் குறிப்பன. கடிகார வியாபாரத்திலோ அதே சொல் அசலல்லாததைக் குறிக்கிறது. சொல் மாறியதும் வெட்கமும் உடன் போயிற்று. ‘போலிக் கடிகாரம் வாங்கினேன்’ என்று தகப்பனிடம் சொல்லக் கூசும் பிள்ளை, ‘ஃபர்ஸ்ட் காப்பி வாங்கினேன்’ என்று நடுக்கூடத்தில் நின்று சொல்லுகிறான். தகப்பனாரும் ஏதோ உயர்ந்த பதிப்பு என்று எண்ணி மகிழ்கிறார்.

இனி இது விற்கப்படும் முறை. கைப்பேசியைத் திறந்தால் இன்ஸ்டாகிராமிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும், டெலிகிராமிலும் படங்கள் வந்து விழுகின்றன. பல லட்சம் விலையுள்ள சுவிட்சர்லாந்துக் கடிகாரத்தின் படம். அதன் கீழே ஆயிரத்தைந்நூறு அல்லது நாலாயிரம் என்று ஒரு விலை. விற்பவனுக்கு முகம் இல்லை, முகவரி இல்லை, ரசீது இல்லை. ‘பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திராவிடில் பொருளைத் திருப்ப இயலாது’ என்னும் ஒரு நிபந்தனை மாத்திரம் உண்டு.

இவ்வூர்ச் சந்தையிலே பழகிய நமக்கு வாங்கும் வித்தையை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மாடு பிடிக்க வந்தவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறார், அதன் பிறகே துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசுகிறார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வேர்க்கடலை, அதாவது நமது மல்லாட்டை, வந்தால் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு நான்கு காயை உடைத்துப் பருப்பையும் ஈரத்தையும் பார்க்காமல் விலை எழுதுவதில்லை. எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இல்லையென்றால் கேள்வி கேட்கிறோம். இத்தனை விழிப்புள்ள குடும்பத்துப் பிள்ளை, மல்லாட்டை விற்று வந்த பணத்தைக் கொண்டு, கண்ணால் காணாத ஒருவனிடம், கையால் தொடாத பொருளை, வெறும் படத்தைப் பார்த்து வாங்குகிறான் என்றால் நம் முன்னோர் கேட்டுச் சிரிப்பார்கள்.

அப்பொருள்தான் எத்தகையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலிவான போலிக்குள் இருப்பது பெரும்பாலும் பாட்டரியால் ஓடும் சாதாரணக் குவார்ட்ஸ் இயந்திரம். அதனுள்ளே சிறு படிகத் துண்டொன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது; அவ்வதிர்வுகளை எண்ணி, முள் வினாடிக்கு ஒருமுறை துள்ளுகிறது. காலத்தைச் சரியாகக் காட்டுவதில் அது குறைந்ததன்று. ஜப்பானியர் 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வகைக் கைக்கடிகாரத்தை முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சுவிட்சர்லாந்துத் தொழிலே ஆட்டங் கண்டது. ஆனால் எந்தக் கடிகாரத்தின் வேஷத்தை இது போட்டிருக்கிறதோ, அதனுள் பாட்டரி கிடையாது. வில்சுருளின் விசையால் மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது வினாடிக்கு எட்டுத் துடிப்பு, துடிக்கும் இயந்திரம் உண்டு. ஆகையால் அதன் வினாடி முள் துள்ளாமல் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். மலிவான போலியின் முகத்திலே காணும் மூன்று சிறு வட்டங்களும் பல வேளைகளில் வெறும் சித்திரங்களே. அவற்றின் முட்கள் பிறந்த நாள் முதல் அசைந்ததில்லை. ஐம்பது மீட்டர் ஆழம், நூறு மீட்டர் ஆழம் என்று எழுதியிருக்கும். ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்தால் கண்ணாடிக்குள் பனி படர்ந்துவிடும். மேற்பூச்சில் நிக்கல் கலந்திருப்பின் சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் புண்ணும் உண்டாகும். விலை கூடிய போலிகளுக்குள் சீன தேசத்தில் செய்த, தானே சாவி ஏறும் இயந்திரமே இருப்பதால், அவற்றின் முள்ளும் வழுக்கியே செல்லும். எனவே முள்ளைப் பார்த்து அசல் கண்டுபிடித்துவிடலாம் என்று எவரும் இறுமாந்திருக்க வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டுத் திருடப்படுவது எது? இரும்பும் கண்ணாடியும் அல்ல. முகத்தில் எழுதிய பெயர். அந்தப் பெயர் எப்படி உண்டாயிற்று என்பதை நமது வாலிபர்கள் அறிவது நலம். பவேரியா நாட்டில் 1881-இல் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்பவர் லண்டன் மாநகரம் சென்று, 1905-இல் தம் உறவினர் ஒருவருடன் கூடிக் கடிகார வியாபாரம் தொடங்கினார். அக்காலத்தில் கடிகாரத்தின் முகத்தில் அதை விற்கும் கடைக்காரர் பெயரே எழுதப்படுவது வழக்கம். செய்தவன் யார் என்று உலகுக்குத் தெரியாது. வில்ஸ்டார்ஃப் எம்மொழியினரும் எளிதில் உச்சரிக்கத்தக்க ஒரு சிறு சொல்லைத் தேர்ந்து, ரோலக்ஸ் என்று 1908-இல் பதிவு செய்தார். அப்பெயரைக் கடைக்காரர்கள் ஏற்கும்படி செய்ய அவருக்கு நெடுங்காலம் பிடித்தது. மணிக்கட்டில் அணியும் கடிகாரத்தைப் பெண்களின் ஆபரணம் என்று ஆடவர் இகழ்ந்த காலம் அது. 1926-இல் நீர் புகாத கூட்டைச் செய்து ‘ஆய்ஸ்டர்’ என்று பெயரிட்டார். மறு ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்சே என்னும் மாது ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபோது அதனைக் கழுத்தில் அணிந்திருந்தார், கடிகாரம் நிற்கவில்லை. தாய் தந்தையற்ற பிள்ளை ஒருவன் ஒரு பெயருக்கு மதிப்பை ஏற்ற இருபது ஆண்டு உழைத்தான் என்பது இதன் சாரம். அதே பெயரை அச்சடிக்க இன்று ஒருவனுக்கு ஒரு வினாடி போதும்.

சுவிட்சர்லாந்தார் மாத்திரம் பரிசுத்தர், மற்றவரெல்லாம் திருடர் என்று நான் சொல்ல வரவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் கடிகாரத்துக்கே உலகில் பெரும் புகழ். அப்போது ஜெனீவா முதலிய இடத்துப் பட்டறைகளில் செய்த கடிகாரங்களில் லண்டன் ஆசாரிகளின் பெயரைப் பொறித்து விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடிகாரங்களுக்குப் பெயர் வந்தபோது அவற்றின் பெயரை ஓரெழுத்து மாற்றிப் பொறித்தவர்களும் அந்நாட்டில் இருந்தனர். பாரிஸ் நகரத்தில் புகழ்பெற்றிருந்த பிரெகே என்னும் மகா நிபுணர், தம் காலத்திலேயே தம் பெயரில் போலிகள் உலவுவதைக் கண்டு, உற்றுப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத இரகசியக் கையெழுத்தை முகத்தட்டில் கீறி வைத்தார். ஆகவே இந்நோய் பழையது. கள்ளப்பெயரால் பிழைத்த தேசமே பிற்பாடு தன் பெயரைக் காக்கச் சட்டம் செய்துகொண்டது. 2017 முதல் ஒரு கடிகாரத்தின் உற்பத்திச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்காவது தம் நாட்டில் ஆனாலன்றிச் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது என்று எழுதக்கூடாதென்று விதித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுச் சொத்து அலுவலகமும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பும் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் நாடு விட்டு நாடு சென்ற போலிப் பொருள்களின் மதிப்பு 46,400 கோடி டாலர். உலக வாணிகத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. இக்கணக்கில் கைக்கடிகாரம் முன்வரிசையில் நிற்கும் பண்டங்களுள் ஒன்று.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். “நம் வீட்டுப் பெண்கள் சிதம்பரம் கவரிங் அணிவதில்லையா? அதுவும் தங்கத்தின் போலிதானே?” என்று ஒரு வாலிபர் சென்ற கூட்டத்திலேயே என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. கவரிங் கடையின் பலகையிலேயே கவரிங் என்று எழுதியிருக்கிறது. விற்பவன் தங்கம் என்று சொல்லுவதில்லை. வாங்குபவளும் தங்கம் என்று எண்ணுவதில்லை. தெருவில் காண்கிறவர்களும் பெரும்பாலும் அறிவார்கள். திருடர் பயமுள்ள இரயில் பயணத்துக்கு அதனை அணிந்து செல்வது அறிவுடைமை. அன்றியும் அதில் வேறொருவன் பெயர் பொறிக்கப்படவில்லை. தங்க நிறம் எவருடைய சொத்தும் அன்று. அதுபோல ஒருவன் வட்டமான முகமும் எஃகுப் பட்டையும் உள்ள கடிகாரத்தைச் செய்து தன் பெயரைப் பொறித்து ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் அதனை வாங்கி அணிவதில் யாதொரு இழுக்குமில்லை. கவரிங் சங்கிலியிலே ஹால்மார்க் முத்திரையைக் குத்தினால் அப்போது அதற்குப் பெயர் வேறு. போலிக் கடிகாரம் அப்படி முத்திரை குத்திய கவரிங்.

நமது நாட்டில் நாணயமான கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் ஜப்பானியச் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. பண்டித நேரு அவர்கள் முதற் கடிகாரங்களை வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா என்று பெயர் சொன்னால் இச்சபையில் தலை நரைத்தவர்கள் முகம் மலருவதைக் காண்கிறேன். உத்தியோகம் கிடைத்த அன்று வாங்கி, ஓய்வு பெற்ற பின்னும் சாவி கொடுத்துக் கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் கடிகாரப் பகுதியை மூடுவதென மத்திய மந்திரி சபை 2016 ஜனவரியில் முடிவு செய்தது. பிறகு நடந்த விபரீதத்தைக் கேளுங்கள். பழைய எச்.எம்.டி. கடிகாரங்களின் முகத்தட்டைச் சுரண்டி, புதுச் சாயம் பூசி, கம்பெனி ஒருநாளும் செய்யாத நிறங்களில் எழுதி, ‘பெட்டி பிரிக்காத பழைய சரக்கு’ என்று இணையத்தில் விற்கிறார்கள். ஏழைக்கென்று செய்த ஜனதாவுக்கும் போலி வந்துவிட்டது! ஆகவே இது பணக்காரர் பொருளைப் பற்றிய விவகாரம் மாத்திரம் என்று நினையாதீர்கள். நம் மாகாணத்திலேயே, தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமாகிய டிட்கோவும் டாட்டாக் குழுமமும் 1984-இல் கூடித் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை வைத்து உலகமெங்கும் கடிகாரம் அனுப்புகிறது. போலிக்குக் கொடுக்கும் நாலாயிரத்துக்கு அங்கே உத்தரவாதச் சீட்டுடன் நல்ல கடிகாரம் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுண்டு, அது அடுத்தவன் கண்ணில் பொறாமை.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் அரசியல் தலைவரின் கையிலிருந்த, ரஃபேல் விமானத்தின் பெயரிட்ட கடிகாரத்தைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் விவாதம் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். கட்சி விவகாரம் நம் மேடைக்கு உரியதன்று. யார் பக்கம் நியாயம் என்று நான் பேசவும் போவதில்லை. ஆனால் அதன்பின், கையில் என்ன கட்டியிருக்கிறான் என்று பார்த்து மனிதனை எடைபோடும் பழக்கம் நமது கிராமத்துத் திண்ணை வரை வந்துவிட்டது என்று மாத்திரம் குறிப்பிடுகிறேன்.

இனி, நான் முக்கியமாகப் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அதுதான் கலியாணப் பந்தல்.

நமது குலத்திலே மாப்பிள்ளைக்கு மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் என்று சீர் வைப்பது இரண்டு தலைமுறை வழக்கம். முன்னே எச்.எம்.டி. ஒன்று கட்டினால் போதும், எல்லோரும் திருப்தியடைந்தார்கள். இப்போதோ, “வாட்ச் மாத்திரம் நல்ல பிராண்டாக இருக்கட்டும், பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், நாலு பேர் பார்ப்பார்கள்” என்று மெல்லிய குரலில் ஒரு வாக்கியம் வருகிறது. கேட்பவர் இதை வரதட்சணை என்று நினைப்பதேயில்லை. சும்மா ஒரு வாட்ச்தானே என்பார்.

சில காலத்துக்கு முன் நம் உறவின்முறையில் நடந்த ஒன்றை, பெயரும் ஊரும் கூறாமல் சொல்லுகிறேன். பெண்ணைப் பெற்றவர் மூன்று ஏக்கர் நிலமுடையவர். நகைக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்கெனவே கடன் வாங்கியாயிற்று. பிராண்ட் வாட்ச் என்றதும் திகைத்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகன், “அப்பா, கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிக் கைப்பேசியில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்றை வரவழைத்தான். தகப்பனாருக்கு அது தள்ளுபடி விலையில் வந்தது என்றே எண்ணம். சீர்த்தட்டிலே அது பளபளத்தது. பந்தலில் கைமாறிக் கைமாறி எல்லோரும் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் கடிகாரம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை கள்ளங்கபடில்லாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார். அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் மூடிக் கொடுத்துவிட்டாராம். அந்த மௌனமே போதுமானதாயிற்று.

இதன் பின் நடந்ததுதான் கொடுமை. கடிகாரத்தைப் பற்றி எவரும் சண்டையிடவில்லை. “வாட்ச் இப்படியென்றால் நகை எப்படியோ?” என்று மாமியார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் அப்பெண்ணின் நகைகள் யாவும் பெட்டியிலிருந்து வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் ஹால்மார்க் எண்ணைத் தேடினார்கள். பாட்டி காலத்துத் தோட்டை உரைகல்லில் உரைத்தார்கள். நகை முழுவதும் சுத்தத் தங்கம். தகப்பனார் கடன்பட்டு வாங்கிய தங்கம். ஆனால் தன் கண்ணெதிரே தன் பிறந்த வீட்டின் நாணயம் உரைகல்லில் உரைக்கப்படுவதை அந்தப் பெண் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பொருளால் பல லட்சத்துக்கு வாங்கிய பொருள் சந்தேகத்துக்குள்ளாயிற்று.

இதிலே குற்றம் யாருடையது? பிள்ளை செய்தது பிசகுதான்; அதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் முதற் குற்றம், இல்லாதவனிடம் இன்ன பெயர்ப் பொருள்தான் வேண்டும் என்று கேட்டவர்களுடையது என்றே நான் கூறுவேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது கடிகாரமா, பெயரா? காலம் பார்க்க அவர் சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. பெயரைக் கேட்டார்கள், பெயரே வந்து சேர்ந்தது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி கேட்டுப் பெறுவது குற்றம். கேளாமல் மனமுவந்து தரும் அன்பளிப்புகளுக்கும் பட்டியல் எழுதிவைக்க வேண்டுமென்று 1985-இல் விதிகள் செய்திருக்கிறார்கள்; பொருளின் விவரம், ஏறத்தாழ அதன் மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதி மணமக்கள் கையொப்பமிட வேண்டும். அப்பட்டியலில் இக்கடிகாரத்துக்கு எதிரே என்ன தொகையை எழுதுவது? நாலாயிரம் என்று எழுதினால் அன்றே மானம் போயிற்று. நாலு லட்சம் என்று எழுதினால் பொய்ப் பத்திரத்தில் கையொப்பமிட்டதாகும்.

வாலிபர்களுக்குத் தனியே சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. நம்மவரில் சிலர் இப்பொருளை வாங்குவதோடு நில்லாமல், படிப்புச் செலவுக்கு உதவும் என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கவும் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ‘ரீசெல்லர்’ என்று அதற்குக் கௌரவமான பெயர். 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் இத்தகைய கௌரவத்தை அறியாது. பொய்யான வணிகக் குறியிட்ட பொருளை விற்பதும், விற்பதற்காகக் கையில் வைத்திருப்பதுமே குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை; ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம். துணைக் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாரண்டு இல்லாமலே சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றலாம். ‘ஃபர்ஸ்ட் காப்பி என்று சொல்லித்தானே விற்றேன், யாரையும் ஏமாற்றவில்லையே’ என்பது பெயருக்கு உரியவன் முன்னே நில்லாது. ஏமாந்தவன் வாங்கினவன் அல்லவெனில், களவு கொடுத்தவன் அவன் இருக்கிறானல்லவா? சர்க்கார் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, கடிகாரத்துக்கு இருநூறு ரூபாய் கமிஷனுக்காகத் தன் பெயரைக் குற்றப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று யோசிக்கட்டும். பெரிய அளவில் இவ்வியாபாரம் செய்தவர்கள் கதி தெரிய வேண்டுமானால், 2016 ஜனவரியில் தில்லி ஹைகோர்ட்டு அளித்த தீர்ப்பு ஒன்றைக் கூறுகிறேன். கார்ட்டியே முதலிய கடிகாரக் கம்பெனிகளின் பெயரில் போலிகளைத் தள்ளுபடி விலை என்று விளம்பரப்படுத்தி விற்ற ஓர் இணையக் கடைக்காரர் மேல், தண்டனை நஷ்டஈடாக மாத்திரம் ஒரு கோடி ரூபாய் விதிக்கப்பட்டது.

வாங்கினவர்களைப் பொறுத்தவரை இரண்டு வகையினரைப் பிரித்துப் பேசவேண்டும். தெரிந்தே போலி வாங்கினவன் அது நின்றுபோனால் வாய் திறக்க முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருக்க வேண்டியதுதான். அவனுக்கு நான் சொல்லத்தக்க பரிகாரம் ஒன்றும் இல்லை. அசல் என்று நம்பி மோசம் போனவர் கதை வேறு. அவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தை நடத்துகிறவர் விற்பனையாளரின் விவரத்தைக் காட்ட வேண்டும். குறை தீர்க்கும் அதிகாரி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது. அதிலும் பலனில்லையெனில் 1915 என்னும் எண்ணுக்குப் பேசி நுகர்வோர் உதவி பெறலாம். விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்தவனைப் பற்றி 1930 என்னும் எண்ணில் உடனே சொல்ல வேண்டும். நேரம் கடந்தால் பணம் பல கணக்குகளுக்கு ஓடிவிடும். கட்டணம் செலுத்திய சான்று, உரையாடிய செய்திகள், விளம்பரப் படம் ஆகிய மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். இணையத்தில் வாங்கவே கூடாது என்று நான் கூறவில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்திலோ, அங்கீகாரம் பெற்ற கடையின் தளத்திலோ ரசீதோடு வாங்குவதில் பயமில்லை. ரோலக்ஸ் கம்பெனியோ தன் கடிகாரங்களை இணையத்தில் விற்பதேயில்லை. அங்கீகாரம் பெற்ற கடைகளின் வழியாகவே விற்கிறது. ஆகையால் ‘கம்பெனியிலிருந்து நேரே, பாதி விலைக்கு’ என்று கைப்பேசியில் வரும் ரோலக்ஸ் விளம்பரத்தை ஆராய வேண்டிய அவசியமே இல்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்து அமர்கிறேன். நிச்சய தாம்பூலத்தின்போது சபையில் வாசிக்கப்படும் சீர்ப் பட்டியலில் ‘கைக்கடிகாரம்’ என்ற இனம் இனி இடம்பெறாதிருக்க நமது குடும்பத்தார் இசையவேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் காரியதரிசியவர்களிடம் கொடுத்திருக்கிறேன். தகப்பனார் தம் பிரியத்தால் மருமகனுக்கு ஒன்று வாங்கிக் கட்டுவதை அது தடுக்கவில்லை. இன்ன பெயருள்ளதென்று கேட்பதையே தடுக்கிறது. வாசகத்தைப் பெரியோர்கள் வெட்டியும் திருத்தியும் கொள்ளலாம். வாக்கெடுக்கும் முன் தாய்மார்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்; சீர்த்தட்டை அடுக்குகிறவர்கள் அவர்கள்தாம்.